வெஸ்டா கோளின் கருப்பொருள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அறிவியல் புனைவைப் பற்றிப் பேச அழைத்தபோது, நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ‘ஸ்கேவஞ்சர்ஸ் ரெய்ன்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடர். 2023 அக்டோபரில் மேக்ஸ் என்ற இணைய ஓடைத் தளத்தில் வெளியான இத்தொடரில் பன்னிரண்டு பகுதிகள் உள்ளன. ஜோசப் பென்னட், சார்லஸ் ஹியூட்னர் என்னும் இருவர் இதை உருவாக்கினார்கள். முதல் முறை பார்த்து முடித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை முழுவதுமாகப் பார்த்துவிட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிமீட்டர் 227 என்ற சரக்குக் கப்பல் விண்வெளியில் பழுதாகிறது. தப்பித்தவர்களில் சிலர் வெஸ்டா என்ற அறியாக் கோளில் வெவ்வேறு இடங்களில் சிதறி விழுகிறார்கள். ஓரிடத்தில் சாம் என்ற முதியவரும் உர்சுலா என்ற பெண்ணும் இருக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஆஸி என்ற பெண், லீவை என்ற ரோபோவுடன் பயிர் செய்து காலம் தள்ளுகிறாள். மூன்றாமிடத்தில் கேமன் என்பவன் தன் தப்பிக்கும் கலத்துக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறான். விண்ணில் சுற்றிக்கொண்டிருக்கும் கப்பலைத் தரைக்கு வரவழைத்து எல்லோரும் அதனிடம் போய்ச் சேரவேண்டும். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

இப்படிச் சொன்னால் பழகிய கதைபோலத்தான் இருக்கும். ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவர்களின் கதைகளை நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். அவற்றிலிருந்து இத்தொடர் எங்கே வேறுபடுகிறது என்று யோசித்தபோது எனக்குத் தொல்காப்பியம்தான் கைகொடுத்தது. முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்லி, அவை முறையே ஒன்றினும் ஒன்று சிறந்தவை என்கிறது அகத்திணையியல். நிலத்தையும் பொழுதையும்விட அந்நிலத்து விலங்கும் மரமும் புள்ளும் உணவும் சிறந்தவை, அவற்றையும்விட மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் சிறந்தது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். வெஸ்டாவில் இந்த வரிசை மாறிவிடுகிறது. அங்கே கருப்பொருளே தலைமை தாங்குகிறது. மனிதரின் ஏக்கமும் குற்ற உணர்வும் தனிமையும், அந்த மண்ணில் எது எதைத் தின்கிறது, எது எதற்குள் முட்டையிடுகிறது, எது எதனுடைய நிழலில் வாழ்கிறது என்பதிலிருந்து மெல்ல முளைத்து வருகின்றன.

இத்தொடருக்கு ஒரு முன்வடிவம் உண்டு. 2016-இல் இதே இருவரும் ‘ஸ்கேவஞ்சர்ஸ்’ என்ற பெயரில், பத்து நிமிடத்திற்கும் குறைவான, ஏறக்குறையப் பேச்சே இல்லாத ஒரு குறும்படம் எடுத்தார்கள். அயல்கோளில் சிக்கிய இருவர் ஒரு செடியைத் தொடுகிறார்கள், அது ஒரு பிராணியை வரவழைக்கிறது, அதிலிருந்து ஒன்றை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கிறார்கள், அது வேறொன்றை விடுவிக்கிறது என்று சங்கிலிபோல நீளும் அந்த வேலை எதற்காக என்பது கடைசியில்தான் தெரிகிறது. அவ்வளவு பாடும், விட்டுவந்த வீட்டைச் சில நொடிகள் மயக்கத்தில் காண்பதற்காகத்தான். தொடரின் வித்து முழுவதும் அந்தப் படத்தில் இருக்கிறது.

அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கு உரியது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். இது குழந்தைகளுக்குரியது அன்று. கொடுமையான காட்சிகள் இதில் உண்டு. ஆனாலும் இக்கதை அனிமேஷனாக மட்டுமே இருக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. கேமராவைக் காட்டுக்குள் கொண்டுபோனால் ஆயிரம் இலைகள் தாமாகவே வந்து விழும். வரையும்போது எதுவும் தாமாக வருவதில்லை. ஒவ்வொரு இலையையும் ஒருவர் யோசித்தாக வேண்டும். இருபது நொடி மட்டும் தோன்றி மறையும் பிராணிக்குக்கூட இங்கே ஒரு பிழைப்பு இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் சித்திரக்கதைகளை அறிந்தவர்கள், மெல்லிய தெளிவான கோடுகளையும் பரந்த வெற்றுவெளியையும் இங்கே உடனே அடையாளம் காண்பார்கள். நிக்கோலஸ் ஸ்னைடரின் இசை, காட்சியின் மேல் ஏறி உட்காராமல் தள்ளி நின்று கேட்கிறது.

ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். பாறைச் சுவர் போன்ற ஓரிடத்திற்குள் உர்சுலா நுழைகிறாள். அங்கே ஒரு செடியின் உள்ளிருந்து சின்னஞ்சிறு உயிர் ஒன்று கண் திறக்கிறது. அது பிறந்தது ஒரே ஒரு வேலைக்காக. அந்த வேலையை முடிக்கிறது, மடிகிறது. சில நிமிடங்களில் ஒரு முழு வாழ்க்கை. உர்சுலா எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

இதைக் கற்பனையின் உச்சம் என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது நம் வீட்டுப் பழமொழி: அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு. புழு என்று நாம் முகம் சுளிப்பது அத்திக் குளவியை. பெண் குளவி சிறகு கிழிய அத்தியின் நுண்துளை வழியே நுழைந்து, உள்ளிருக்கும் பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. உள்ளே பிறக்கும் ஆண் குளவிக்குச் சிறகே கிடையாது. அது இணைசேர்ந்து, பெண்கள் வெளியேறத் துளை குடைந்து கொடுத்துவிட்டு, பெரும்பாலும் வெளியுலகைக் காணாமலே சாகிறது. வெஸ்டாவின் சுவரில் நடப்பது நம் ஊர் ஆற்றங்கரை அத்தியிலும் நாள்தோறும் நடக்கிறது.

இத்தொடரின் மாந்தர்களை நான் அவர்கள் பார்க்கும் விதத்தைக் கொண்டே பிரித்து அறிகிறேன். சாம் எதைக் கண்டாலும் அது எதற்குப் பயன்படும் என்று பார்க்கிறார். மூச்சுமுட்டும் இடத்தைக் கடக்க ஓர் உயிரினத்தையே முகமூடியாக அணிந்துகொள்ளும் சாமர்த்தியம் அவருக்கும் உர்சுலாவுக்கும் வந்துவிடுகிறது. உர்சுலா பயனைத் தாண்டி, அது என்ன என்று பார்க்கிறாள். கேமனோ தன் பழைய தவற்றைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஆகவே ஹாலோ என்ற பிராணியின் வசப்படுகிறான். மற்ற உயிர்களின் மனத்தை மயக்கித் தனக்கு உணவு கொண்டுவரச் செய்வது ஹாலோவின் இயல்பு. கேமன் அதற்கு வேட்டையாடித் தரத் தொடங்கிய பிறகுதான் அது அளவின்றிப் பருக்கிறது. அதைத் தீயது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனிதனின் துயரம் அந்தக் காட்டின் உணவுச் சங்கிலிக்குள் கலந்ததால் வந்த வீக்கம் அது.

லீவையிடம்தான் என் மனம் தங்கிவிட்டது. அந்த ரோபோவின் உள்ளுறுப்புகளில் கோளின் உயிர்ப்பொருள் ஒன்று படர்கிறது. ஆஸிக்கு அது முதலில் பழுதாகத் தெரிகிறது. ஆனால் லீவை சொல்லாத வேலைகளைச் செய்கிறது, தயங்குகிறது, வியக்கிறது. எல்லோரும் கோளை விட்டு வெளியேற வழி தேடும்போது, கோள் லீவைக்குள் குடியேறுகிறது. வெஸ்டா என்பது ரோமானியரின் அடுப்புத் தெய்வத்தின் பெயர். டிமீட்டர் கிரேக்கரின் விளைச்சல் தெய்வம். வீடு திரும்ப ஏங்குபவர்கள் விழுந்த கோளுக்கு வீட்டடுப்பின் பெயரை வைத்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

2024-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில், சிறந்த அனிமேஷன் தொடருக்கான விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மேக்ஸ் இதைக் கைவிட்டது. மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி மேலும் பலரைச் சென்றடைந்தும் இரண்டாம் பருவம் அமையவில்லை. அது எனக்கு ஆழ்ந்த வருத்தம். எனினும் பன்னிரண்டு பகுதிகளும் தம்மளவில் நிறைவானவை.

என்னோடு சேர்ந்து குறும்படத்தைப் பார்த்த என் மகள், ஒவ்வொரு பிராணி தோன்றும்போதும் “இது என்னப்பா சாப்பிடும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரும்பாலான கேள்விகளுக்கு விடை திரையிலேயே இருந்தது. அந்தப் படத்தைத்தான் இப்போது திரையிடப்போகிறோம். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து அமருங்கள். ஓரங்களில் நடப்பவை மிகச் சிறியவை.