வெளியே போய் நின்றால் போதுமா?

[திரையில்: நீள மேசை, ஐந்து பேர், நடுவில் ஒரு கோப்பு]

ஆராய்ச்சி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அடுத்த கோப்பை எடுத்தால், அது குழுவில் ஒருவரின் பழைய மாணவருடையது. அவர் எழுந்து வெளியே போகிறார். மற்ற நால்வரும் மதிப்பெண் போட்டு முடித்ததும் திரும்பி வந்து உட்காருகிறார். நலன் முரணுக்குப் பல நிதி அமைப்புகளும் வைத்திருக்கும் வைத்தியம் இதுதான்.

சரி, வைத்தியம் பலித்ததா? ஸ்வீடனில் இரண்டு பெண் விஞ்ஞானிகள் இதைத் தோண்டினார்கள். கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்ட். மதிப்பெண் தாள்களைக் கேட்டபோது மருத்துவ ஆராய்ச்சி மன்றம் மறுத்தது. 1995-இல் நீதிமன்றம், அவை பொது ஆவணங்கள்தான், காட்டுங்கள் என்றது.

[திரையில்: 114 கோப்புகள், 20 இடங்கள்]

ஒவ்வொருவரின் கட்டுரைகளையும் எண்ணி, வாங்கிய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பெண்கள் பின்தள்ளப்பட்டது தெரிந்தது. உலகம் அதைத்தான் பேசியது. நான் சொல்ல வந்தது அதே கட்டுரையின் இன்னொரு பாதி. குழுவில் வேண்டியவர் ஒருவர் இருந்தால், விண்ணப்பதாரரின் திறமைக்கான மதிப்பெண் கூடி விழுந்திருக்கிறது. அந்த வேண்டியவர் மதிப்பெண்ணே போடவில்லை! கூட்டிக் கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

ஏன்? இது என் ஊகம்: அவர் வெளியே போனாலும் நாற்காலி அங்கேயே இருக்கிறது. பத்து நிமிடத்தில் வந்து உட்காருவார். அப்புறம் வரும் கோப்பு நம் மாணவருடையதாக இருக்கலாம். யாரும் வாய்திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அதே ஸ்வீடனில் 2004-ஆம் ஆண்டு விண்ணப்பங்களை வேறு இருவர் ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். பெண்களுக்கு இருந்த பாதகம் மறைந்திருந்தது. வேண்டியவருக்கான சலுகை மட்டும் போகவில்லை. மதிப்பெண்ணில் சுமார் 15 சதவீதம் கூடுதல்.

ஆகவே ஆளை நகர்த்துவதைவிடக் கோப்பை நகர்த்துவது மேல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், மதிப்பீட்டுக் குழு உறுப்பினரே விண்ணப்பித்தால் கோப்பு பெரும்பாலும் வேறு தனிக் குழுவுக்குப் போகும். டெக்சாஸ் மாநிலப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் இன்னும் ஒரு படி மேல்: மதிப்பிடுவோர் எல்லோரும் வெளி மாநிலத்தவர்.

[திரையில்: மூடிய கதவு]

அதே டெக்சாஸில்தான் 2010-இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு 1.1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தக் கோப்பு எந்த மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்கும் போகவே இல்லை என்பது 2012-இல்தான் வெளியே வந்தது.