மூன்று கொடிகளின் கணக்கு

வணக்கம் நேயர்களே. ஸ்பெயின் நாட்டு இயற்கை (ஆர்கானிக்) வெள்ளை ஒயினைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மணத்தையும் சுவையையும் அடுக்கிச் சொல்லும் வித்தை எனக்கு வராது. நான் வேளாண்மை படித்தவன். குப்பியைவிடக் கொடியின் மேல்தான் என் கண். அதனால் பேச்சும் தோட்டத்துப் பக்கமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் பெனெதெஸ். ஸ்பெயினின் கத்தலோனியா மாநிலத்தில், பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே, மத்தியதரைக் கடலுக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கும் சுண்ணாம்பு மண் பூமி. வடக்கே திரும்பினால் ரம்பப் பல் போல மொன்செராத் மலை தெரியும். இந்த ஊர் வெள்ளை ஒயினில் வழக்கமாகச் சேரும் திராட்சைகள் மூன்று: மக்காபேயோ, ஷரெல்லோ, பரெல்யாதா. ஷரெல்லோவால் ஒயினுக்குக் கனமும் புளிப்பும் வரும். மற்ற இரண்டும் அதை மென்மையாக்கி மணம் சேர்க்கும். ருசிக்காகக் கலக்கிறோம் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கலப்பில் ஒரு குடியானவர் கணக்கும் இருக்கிறது.

ஷரெல்லோ சீக்கிரமே துளிர்த்துவிடும். பின்பனி விழுந்தால் துளிர் கருகும். மக்காபேயோ தாமதமாகத் துளிர்த்துத் தப்பிக்கும். ஆனால் அதன் குலை நெருக்கமானது, அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் உள்ளுக்குள்ளேயே அழுகும். பரெல்யாதாவுக்கு மேட்டுச் சரிவின் குளிர்ச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பழுக்கும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றும். மானாவாரியில் சோளத்தோடு துவரையும் சேர்த்து விதைப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே எப்போதும் வெள்ளைத் திராட்சையே கோலோச்சியதாக நினைத்துவிடாதீர்கள். முன்பு கறுப்புத் திராட்சையும் ஏராளமாக இருந்தது. 1872இல் ஹோசப் ரவெந்தோஸ், இன்று காவா என்கிற நுரைக்கும் ஒயினை சான்ட் சதுர்னி என்ற ஊரில் தயாரித்தார். 1887 வாக்கில் பிலோக்சரா வந்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தொற்றிய, கொடியின் வேரைத் தாக்கும் கடுகளவுகூட இல்லாத பூச்சி அது. தோட்டங்கள் பட்டுப்போயின. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மறுபடி நட முடிந்தது. நட்டபோது, நுரை ஒயினுக்கு ஆகும் என்று வெள்ளை ரகங்களாகப் பார்த்து நட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நாளில் அங்கே 'ரபாஸா மோர்த்தா' என்றொரு குத்தகை முறை இருந்தது. செத்த அடிக்கட்டை என்று பொருள். நிலம் பண்ணையாருடையது, கொடி நட்டுப் பாடுபட்டு விளைச்சலில் வாரம் அளப்பவர் குடியானவர். நட்ட கொடிகளில் மூன்றில் இரண்டு பங்கு சாகும்வரை நிலம் அவர் கையில். கொடியின் ஆயுள்தான் குத்தகையின் ஆயுள். சும்மா இருப்பாரா? கிழட்டுக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டு, புதுக்கொடி எழுப்பிக் குத்தகையை நீட்டிக்கொண்டே போனார். பேரன் காலம்வரைகூட ஓட்டியிருக்கிறார்கள். பூச்சி வந்ததும் கொடிகள் செத்தன, ஒப்பந்தங்களும் செத்தன. புதிதாக வந்த ஒட்டுக்கொடிக்கு ஆயுள் குறைவு. அதில் பதியனும் போட முடியாது. புதைத்த கிளையில் விடும் வேர் ஐரோப்பிய வேர், அதைப் பூச்சி தின்றுவிடும். நிலத்துக்கான சண்டை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது. 1934இல் கத்தலான் நாடாளுமன்றம் குடியானவர்களுக்குச் சாதகமாக ஒரு சட்டம் இயற்ற, ஸ்பெயின் தலைநகர் மாத்ரித்தில் இருந்த அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இனி 'இயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். 2012 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் குப்பியின் மேல் 'இயற்கைத் திராட்சையில் செய்த ஒயின்' என்றுதான் எழுத முடிந்தது. அந்த ஆண்டு விதிகள் வந்த பிறகே ஒயின் தயாராகும் நிலவறை வேலைக்கும் கணக்கு வந்தது. இனிப்பற்ற வெள்ளை ஒயினில் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றால், இயற்கை ஒயினில் 150தான். தோட்டத்தில் ரசாயன உரமும் களைக்கொல்லியும் கூடாது. குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு மருந்தடிப்பதில்லை. பெண் பூச்சியின் வாசனையைத் தோட்டம் முழுக்கப் பரப்பி, ஆண் பூச்சியைத் திசை தெரியாமல் அலையவிடுகிறார்கள். இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம். நம் பாக்குத் தோப்பில் தெளிக்கிறோமே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அதேதான். தாமிரம் உலோகம், மண்ணில் தங்கும். இயற்கை என்று பெயர் வைத்துவிட்டதால் அது மறைந்துவிடாது. அதனால்தான் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோ என்று எல்லை கட்டியிருக்கிறார்கள்.

2025 அறுவடை முதல் பெனெதெஸ் முத்திரை பெறும் ஒயின் முழுவதும் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று அந்த வட்டார ஒழுங்குமுறை மன்றம் முடிவெடுத்தது. துணிச்சலான முடிவு. வறண்ட கோடையும் இலையை உலர்த்தும் கடற்காற்றும் இருப்பதால் அவர்களுக்கு இது கைகூடும். மழை ஓயாத ஊர்க்காரர் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பெனெதெஸ்காரர்களுக்கும் சறுக்கியதுண்டு. 2020 வசந்தத்தில் மழை கொட்ட, அடிச்சாம்பல் நோய் தோட்டங்களைச் சூறையாடியது. அடுத்து 2021 முதல் மூன்று ஆண்டுக் கடும் வறட்சி. தடித்த தோலுள்ள ஷரெல்லோ வெயிலை ஓரளவு தாங்கும், பரெல்யாதா தவிக்கும்.

நேரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஒன்று சொல்லி விடைபெறுகிறேன். நுரை ஒயின் பிறந்த அந்த சான்ட் சதுர்னியில் செப்டம்பர் மாதம் ஒரு திருவிழா. அதன் பெயரே பிலோக்சரா! பாட்டன்மார் தோட்டத்தை அழித்த பூச்சியின் பேருருவம் வெடியும் தீப்பொறியும் கக்கிக்கொண்டு தெருவில் வரும். ஊரே கூடி அதன் பின்னால் ஓடும். வணக்கம்.