காயமே படாத அணி: விளையாட்டு வீரர்களின் பணியிடக் காயங்களை எப்படி எண்ணுகிறார்கள்?

[திரையில்: அணிகளின் பெயர்கள் கொண்ட அட்டவணை. ஒரு வரிசை மட்டும் காலி.]

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து என்பது கவசம் அணிந்து ஆளோடு ஆள் மோதி ஆடும் ஆட்டம். அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், 1996 முதல் 2001 வரை ஆறு சீசன்களில் பதிவான கன்கஷன்களின் கணக்கு இது. கன்கஷன் என்றால் அடிபட்ட வேகத்தில் மூளை குலுங்கிப்போவது. மொத்தம் 887. இதில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் வரிசையைப் பாருங்கள். ஆறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

இது எப்படி நம்பும்படியான விஷயம்? அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர், டிராய் எய்க்மன். தலையில் அடி வாங்கியே பெயர் பெற்றவர். 2000 டிசம்பரில் வாஷிங்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில் இன்னொரு அடி வாங்கி வெளியேறினார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். நாடே டிவியில் பார்த்தது. அட்டவணையில் மட்டும் அது இல்லை.

இந்தத் தரவை வைத்துத்தான் லீகின் மருத்துவக் குழு 2003 முதல் வரிசையாக ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது. அந்தக் குழுவின் தலைவர் ஒரு மூட்டுநோய் மருத்துவர். மூளைக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை. 2016-ல் நியூயார்க் டைம்ஸ் தரவைச் சரிபார்த்தபோது, 100-க்கும் மேற்பட்ட கன்கஷன்கள் விடுபட்டிருந்தது தெரிந்தது. லீக் என்ன சொன்னது? எல்லா அணிகளும் விவரம் தர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை என்றது.

தொழிற்சாலை வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண் எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் பெரிதாக இருந்தால், உள்ளே பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம், அடிபட்டவர் வாயைத் திறக்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். விளையாட்டு அணியும் ஒரு பணியிடம்தான். அங்கேயும் இதே கதை.

[திரையில்: 1600 → 200 → 25]

சரி, காய விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பின் பெயர் ஓஷா. அங்கே பழக்கத்தில் உள்ள சூத்திரம் எளிமையானது. ஒரு வருடத்தில் பதிவான காயங்களை 2,00,000-ஆல் பெருக்கி, எல்லா ஊழியர்களும் வேலை செய்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். ஏன் 2,00,000? 100 பேர், வாரம் 40 மணி நேரம், வருடத்துக்கு 50 வாரம். அதாவது, 100 முழுநேர ஊழியர்களுக்கு எத்தனை காயம் என்பதுதான் விடை. 2023-ல் அமெரிக்கத் தனியார் துறை முழுவதற்கும் அது 2.4.

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். இங்கே கால்பந்து என்றால் நமக்குத் தெரிந்த, காலால் ஆடும் கால்பந்து. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் 2001 முதல் ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். 2011-ல் வெளியான முடிவு: 1000 மணி நேர ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் சேர்த்து 8 காயங்கள். ஆட்டத்தை மட்டும் எடுத்தால் 27.5, பயிற்சியில் 4.1. 25 பேர் கொண்ட ஓர் அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயங்கள் வருகின்றன. ஆளுக்கு இரண்டு.

இந்த 8-ஐ ஓஷா சூத்திரத்தில் போடுங்கள். 1600 வருகிறது! 2.4 எங்கே, 1600 எங்கே? கிட்டத்தட்ட 670 மடங்கு. இங்கிலாந்தில் நான்கு தொழில்முறை கிளப்புகளை வைத்து 1999-ல் வந்த ஓர் ஆய்வு, மற்ற ஆபத்தான தொழில்களைவிடக் கால்பந்தில் காய அபாயம் சுமார் 1000 மடங்கு என்றே சொன்னது.

ஆனால் அவசரப்படாதீர்கள். ஆளுக்கு இரண்டு காயம், 1000 மணிக்கு எட்டு காயம் என்றால், ஒரு வீரர் ஒரு சீசனில் களத்தில் இருப்பது ஏறக்குறைய 250 மணி நேரம். தொழிற்சாலை ஊழியருக்கு 2000 மணி நேரம். அவர் டீ குடிக்கப் போகும் வழியில் நடப்பதும் அதில் சேர்த்தி. வீரர் ஜிம்மில் இருப்பதும், பஸ்ஸில் போவதும், வீடியோ பார்த்து ஆலோசிப்பதும் இதில் சேராது. ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு ஆள்கணக்காகப் பார்த்தால், 100 வீரர்களுக்கு வருடத்தில் 200 காயம். 670 மடங்கு இப்போது 80 மடங்குக்குக் கொஞ்சம் மேலே என்று சுருங்கிவிட்டது.

அப்புறம் இன்னொரு வேலை செய்யலாம். ஒரு கிளப்பில் 25 வீரர்களோடு டிக்கெட் விற்பவர்கள், புல்தரை பராமரிப்பவர்கள், கணக்கர்கள் என்று இன்னும் 175 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் முழுநேரம். அதே 50 காயங்களை 200 பேருக்குப் பங்கிட்டால், 100 பேருக்கு 25. ஒரு காயம்கூடக் குறையவில்லை, 1600 மட்டும் 25 ஆகிவிட்டது. யாராவது ஓர் அணியின் பாதுகாப்புப் பதிவைக் காட்டினால், நான் முதலில் பார்ப்பது எதால் வகுத்தார்கள் என்பதைத்தான்.

எது காயம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. எக்ஸ்ட்ராண்ட் கணக்கில், அடிபட்ட வீரர் அடுத்த பயிற்சியிலோ ஆட்டத்திலோ முழுமையாகக் கலந்துகொள்ள முடியாமல் போனால் அது காயம். தொடையின் பின்தசை லேசாகப் பிடித்துக்கொண்டாலும் கணக்கில் ஏறும். அலுவலகத்தில் அதே தசைப்பிடிப்போடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போவார்.

[திரையில்: மின்னசோட்டா, 2001]

இனி சட்டத்துக்கு வருவோம். 2001 ஜூலை கடைசி. என்எஃப்எல்லின் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் பயிற்சி முகாம், மன்கேட்டோ நகரில். 27 வயது வீரர் கோரி ஸ்டிரிங்கர், சுமார் 150 கிலோ எடை. முதல் நாள் கடும் வெயிலில் பயிற்சியை முடிக்க முடியவில்லை. மறுநாள் முழுக் கவசத்தோடு திரும்ப வந்தார், பயிற்சிக்குப் பிறகு சரிந்தார். மருத்துவமனையில் உடல் வெப்பம் 108.8 டிகிரி ஃபாரன்ஹீட். ஆகஸ்ட் 1 அதிகாலையில் இறந்துபோனார்.

மாநிலப் பணியிடப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. அணி எந்த விதியையும் மீறவில்லை என்று முடித்தது. மனைவி வழக்குப் போட்டார். 2005-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. காரணம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் அடிபட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு கிடைக்கும். அதற்குப் பதிலாக, முதலாளி மேலும் சக ஊழியர்கள் மேலும் வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் போய்விடும். ஆக, வழக்கு என்று வந்தபோது ஸ்டிரிங்கர் மற்ற எல்லோரையும் போல ஒரு தொழிலாளி. ஆனால் பாதுகாப்பு விதி என்று வரும்போது, அணி வீரர்கள் ஊழியர்கள்தான் என்று ஏற்றுக்கொண்டும், பெரும்பாலும் அவர்கள் விஷயத்தில் நடவடிக்கை எடுப்பதில்லை என்பதே ஓஷாவின் வழக்கம்.

இந்த முரண்பாட்டை நீதிமன்றத்தில் போட்டு உடைத்த வழக்குக்கும் விளையாட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை, அது ஒரு திமிங்கில வழக்கு. 2010 பிப்ரவரியில் ஆர்லாண்டோ நகரின் சீவேர்ல்ட் என்ற கடல் விலங்குக் காட்சிப் பூங்காவில், டிலிகம் என்ற ஓர்க்கா திமிங்கிலம் தன் பயிற்சியாளர் டான் பிரான்ஷோவைக் கொன்றது. ஓஷா அபராதம் போட்டது. 2014-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓஷா பக்கம் நின்றது. மாறுபட்ட அந்த ஒருவர் பிரெட் கவனா, பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். திமிங்கிலத்தோடு நெருங்கிப் பழகுவதைத் தடுக்கலாம் என்றால், என்எஃப்எல்லில் ஆளை மோதி வீழ்த்துவதையும் நாஸ்கார் கார் பந்தயத்தில் வேகத்தையும் எந்த அடிப்படையில் விட்டுவைக்கிறீர்கள் என்று கேட்டார். பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது, திமிங்கிலத்துக்கும் பயிற்சியாளருக்கும் நடுவே தடுப்பு வைத்தாலும் காட்சி நடக்கும், தொழிலின் தன்மை மாறாது என்று. மோதலை எடுத்துவிட்டால் அமெரிக்கக் கால்பந்தே இல்லை. நியாயமான பதில்தான். ஆனால் வெயிலில் கவசத்தோடு நடக்கும் பயிற்சியை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் என்ன குறைந்துவிடும்?

[திரையில்: 2017 – 281, 2018 – 214, 2024 – 182]

இன்று என்எஃப்எல் கன்கஷன் எண்களை வருடாவருடம் வெளியிடுகிறது. தொகுப்பது ஐக்யூவியா என்ற வெளி நிறுவனம். அணியைச் சாராத நரம்பியல் நிபுணர்கள் களத்தோரம் நிற்கிறார்கள். 2017-ல் 281 என்று உச்சம் தொட்டது, மறுவருடம் 214, 2024-ல் 182. இந்த 281-ஐ வைத்து 1996-ஐவிட ஆட்டம் மோசமானது என்று சொல்ல முடியாது. பார்க்கும் கண்கள் கூடினால் எண்ணும் கூடும்.

கவசப் பயிற்சி விஷயத்தை எந்த ஆய்வாளரும் எந்த நீதிமன்றமும் மாற்றவில்லை. வீரர்களின் தொழிற்சங்கம் 2011-ல் சம்பளத்தோடு சேர்த்து அதையும் பேரம் பேசியது. முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு பயிற்சி கூடாது, சீசன் முழுவதற்கும் கவசப் பயிற்சி 14 முறைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அது உறுதியானது ஆகஸ்ட் மாதத்தில், ஸ்டிரிங்கர் இறந்து பத்து வருடமும் சில நாட்களும் ஆனபோது.