பேரே ரிப்பேர்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஆஸ்திரேலிய விமானி ரே பேரரின் வாழ்க்கை தோல்வியா, சாதனையா?' சாதனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா ஒரு கணக்குப் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளில் பறந்து வந்தால் 10,000 பவுண்டு பரிசு. 1919 டிசம்பரிலேயே ராஸ் ஸ்மித் வந்து அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பேரர் கிளம்பியதோ 1920 ஜனவரி 8. "பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கை கழுவ வந்தவர்" என்றார்கள். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல நகைச்சுவைதானே!

ஆனால் அம்மா, ஸ்மித்தின் விமானத்துக்கு இரண்டு எஞ்சின், ஆள் நாலு பேர். பேரரும் அவருடைய கூட்டாளி மெக்கின்டாஷும் ஏறியது முதல் உலகப் போரில் மிஞ்சிய ஒற்றை எஞ்சின் விமானம், டி.எச்.9. ஒற்றை எஞ்சினை நம்பி அந்தத் தூரத்தை அதுவரை யாருமே கடந்ததில்லை. பணம் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் விஸ்கி வியாபாரி பீட்டர் டாசன். ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸுக்குத் தர ஒரு விஸ்கிப் புட்டியும் கொடுத்தனுப்பினார்.

வழியெல்லாம் பழுது. பர்மாவில் மௌல்மீன் வந்தபோது, இறங்க வேண்டிய திடலில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். அவர்கள்மேல் மோதாமல் விலகப்போய் விமானம் நொறுங்கியது. ஆறு வாரம் அங்கேயே தங்கி அதை ஒட்டவைத்தார்கள். பேரரை 'ரீ-பேரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில், ஆளுடைய பேரே ரிப்பேர்! ஆகஸ்ட் 2இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியபோது எரிபொருள் கிட்டத்தட்டக் காலி. அம்மா அதை 'ஏழு மாத வேடிக்கை' என்கிறார்கள். நொறுங்கியதை ஆறு வாரம் உட்கார்ந்து ஒட்டி மறுபடி ஏறியவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

"நியூகினியில் மட்டும் என்ன கிழித்தார்?" அதுவும் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிற அந்தத் தீவில், ஈடி கிரீக் என்ற இடத்தில் 1926இல் தங்கம் கிடைத்தது. கடற்கரையிலிருந்து காட்டு மலையேறிப் போக எட்டு நாள். சுமை தூக்குபவர் தின்னும் அரிசியையும் சுமந்தாக வேண்டும். அங்கே விமானம் விடலாம் என்று கம்பெனி தொடங்கியவர்களில் பேரர் முன்னவர். பக்கத்துத் தீவின் ரபால் ஊரில் அவர் விமானம் சேதமாகி, தங்கம் இருந்த மலைப்பகுதியான வாவில் முதலில் இறங்கிய பெருமை 1927 ஏப்ரலில் மஸ்டார் என்ற இன்னொரு விமானிக்குப் போனது. சரி, போகட்டும். அதே ஆண்டு ரபாலிலிருந்து கடலைத் தாண்டி நியூகினியின் 'லே' ஊருக்குப் பறந்து வந்து தொழிலைத் தொடங்கினாரா இல்லையா? பிற்பாடு ஆற்று மணலை அலசும் தட்டை எடுத்துக்கொண்டு தானே தங்கம் தேடியும் அலைந்தார்.

1934 லண்டன்–மெல்போர்ன் பந்தயத்தில் வென்றவர்கள் மூன்று நாளில் வந்தார்கள். பேரர் வந்தது 1935 பிப்ரவரியில். அம்மா சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஆனால் வந்தார்.

நடுவர் ஐயா மணிமேல் கை வைக்கிறார். ஒரே ஒரு கேள்வி: ஏழு மாதம், பாலைவனம், விபத்து, கையில் காசில்லாத கல்கத்தா. இத்தனைக்கும் நடுவில் அந்த விஸ்கிப் புட்டி பிரதமர் கைக்குப் போய்ச் சேர்ந்ததே, எதிரணியில் யாராலாவது முடியுமா?