காதோரம் நின்ற பெயர்சொல்லி

அவையோருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘நோமன்கிளேட்டர்’ என்றொரு சொல் உண்டு. அறிவியலில் பெயர் சூட்டுபவரை இன்றும் அப்படிச் சொல்வார்கள். ‘வந்திருப்பவர் இன்னார்’ என்று எடுத்துச் சொல்பவர் என்ற பழைய பொருள்தான் வழக்கொழிந்துவிட்டது. லத்தீனில் ‘நோமென்’ என்றால் பெயர், ‘கலாரே’ என்றால் கூவி அறிவிப்பது. மாதத்தின் முதல் நாளைப் பூசாரிகள் கூவி அறிவித்ததால் அந்த நாள் ‘கலெண்டே’ ஆயிற்று. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் அந்த வேரில் முளைத்ததுதான்.

கூவுவது என்றதும் நம் கூத்துக் கட்டியக்காரனை நினைத்துவிடாதீர்கள். பழைய ரோமாபுரியில் நோமன்கிளேட்டர், அதாவது பெயர்சொல்லி, தெருவில் கூவினால் கதை கெட்டது. அவன் ஓர் அடிமை. எதிரே வருபவர் யாரென்று எசமானின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

வீட்டில் அவன் வேலை விடியும்போதே தொடங்கும். பெரிய மனிதரை அண்டிப் பிழைப்பவர்கள் வாசலில் கூடுவார்கள். எல்லாரையும் ஒன்றாக உள்ளே விடுவதில்லை. சிலரைத் தனியாக, சிலரை நாலைந்து பேரோடு, மற்றவர்களை மொத்தமாக என்று முதலில் பிரித்தவர்கள் கேயுஸ் கிராக்குஸ், லிவியுஸ் துருசுஸ் என்ற அரசியல்வாதிகள் என்கிறார் ரோமத் தத்துவஞானி செனெகா. யார் எந்த வரிசை என்பது பெயர்சொல்லிக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். வந்தவர்களுக்குத் தரும் படிக்காசு 100 குவாத்ரன்ஸ் என்ற கால் காசு, அதாவது 25 முழுச் செப்புக் காசு.

தெருவில் வேலை இன்னும் நுணுக்கம். தேர்தல் காலத்தில் எசமானின் இடது விலாவில் இடித்து, ‘இவர் ஃபாபியா பிரிவில் செல்வாக்கானவர், அவர் வெலீனாவில்’ என்று முணுமுணுப்பான். ரோமக் குடிமக்கள் ஓட்டுப் போடுவதற்கு 35 பிரிவுகளாக இருந்தார்கள். பெயரோடு பிரிவும் தெரியாவிட்டால் பயனில்லை. வயதைப் பார்த்து ‘சகோதரா’, ‘தந்தையே’ என்று சேர்த்துக்கொள் என்று கேலியாக அறிவுரை சொல்கிறார் ரோமக் கவிஞர் ஹொரேஸ். ‘அண்ணே’, ‘ஐயா’ என்று ஓட்டுக் கேட்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. முதற்பெயர் சொல்லி அழைத்தால் காது குளிரும் என்பதும் அவர் வாக்கு. ஆனால் பரவலாகப் புழங்கிய முதற்பெயர்கள் இருபதுக்கும் குறைவு. தெருவுக்குத் தெரு ஒரு கேயுஸ், ஒரு லூகியுஸ். ஆகவே குடும்பப்பெயரையும் தெரிந்துகொண்டால்தான் ஆளை அடையாளம் பிரிக்க முடியும்.

எங்கே சறுக்கும்? கிழப் பெயர்சொல்லிக்கு ஞாபகம் தப்பினால் வாய்க்கு வந்த பெயரைத் தானே சூட்டிவிடுவானாம். சில நேரம் கோளாறு எசமானிடம். ராத்திரிக் குடிமயக்கம் தெளியாமல், ஆயிரம் முறை காதில் ஓதிய பெயரைக் கொட்டாவியோடு உச்சரிப்பார். இரண்டையும் செனெகா எழுதி வைத்திருக்கிறார். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய கேடு. பெயர் மாறிப்போனால் மன்னிப்புக் கேட்கலாம். கொட்டாவிக்கு என்ன சொல்வது?

வேட்பாளர்கள் பெயர்சொல்லியைக் கூட்டிப்போகக் கூடாது என்று ஒரு சட்டமே வந்தது. படைப்பிரிவுத் தலைவர் பதவிக்கு நின்றபோது, கொள்கைப் பிடிவாதத்துக்குப் பேர்போன அரசியல்வாதி காட்டோ ஒருவர்தான் அதை மதித்தார், பெயர்களை மனப்பாடம் செய்தார் என்கிறார் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க். பெரும் பேச்சாளர் சிசெரோவோ பெயரோடு ஒருவரின் வீடு, தோட்டம், அண்டை அயல் வரை கற்றுவைத்திருந்தவர்.

அதே காட்டோ பின்னாளில் பெயர்சொல்லியோடு ஓட்டுக் கேட்டார். கி.மு. 63-இல், ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாக முரேனா என்ற அரசியல்வாதி மீது வழக்குத் தொடுத்தவர்களில் காட்டோவும் ஒருவர். எதிர்த்து வாதாடியவர், அந்த ஆண்டு ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியில் இருந்த சிசெரோ. விடுவாரா? ‘ஆளை உமக்கே தெரியுமென்றால் பெயர்சொல்லி எதற்கு? தெரியாதென்றால், தெரிந்தவர்போல வணங்குவது ஏமாற்று இல்லையா? ஜெயித்த பிறகு ஏன் அக்கறையாக வணங்குவதில்லை?’ என்கிற பொருளில் அடுக்கினார். காட்டோவின் கொள்கைப்பிடிவாதத்தையும் அதே உரையில் கிண்டலடிக்க, மன்றம் சிரித்தது. காட்டோ புன்னகையோடு, ‘நமக்கு வாய்த்த கான்சல் எவ்வளவு வேடிக்கையானவர்!’ என்றாராம். முரேனா விடுதலை ஆனார்.