பிளித்பரோவின் மரத் தேவதூதர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் என்றொரு மாவட்டம். அங்கே பிளித் என்ற சிற்றாறு, கடலைச் சேருமுன் அகன்று, சேறும் நாணலுமாகப் பரந்து கிடக்கிறது. அந்தச் சதுப்பை ஒட்டிய மேட்டில் இருக்கிறது பிளித்பரோ. சின்னஞ்சிறு கிராமம். ஆனால் அதன் தேவாலயமோ ஒரு நகரத்துக்கே போதுமானது. சுற்றுவட்டாரத்தில் அதைச் 'சதுப்பு நிலத்துப் பேராலயம்' என்று அழைக்கிறார்கள். உண்மையில் அங்கே எந்த ஆயரும் வீற்றிருந்ததில்லை. அது ஒரு பங்குக் கோவில், ஊர் மக்களின் கோவில்.

இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடக்கலை என்றதும் கேன்டர்பரி, யார்க் நகரங்களின் பேராலயங்களைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஊர்க் கோவிலுக்குத்தான் முதலில் போகச் சொல்வேன். அக்கால வழக்கப்படி, பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது பங்கின் வருமானத்தைப் பெறுபவரின் கடமை. மக்கள் கூடும் நடுமண்டபம் ஊராரின் கடமை. பிளித்பரோவில் அந்த வருமானம் அகுஸ்தீன் சபைத் துறவியரின் சிறு மடத்துக்குப் போயிற்று. நடுமண்டபத்தை எழுப்பியதில் சாகும் தறுவாயில் உயில் எழுதிப் பணம் விட்டுச் சென்ற ஊர்க்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றப் பகுதிகள் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டப்பட்டவை. அப்போது பிளித்பரோ ஆற்றுத் துறைமுகம்; கம்பளியாலும் கடல் வணிகத்தாலும் கிழக்கு இங்கிலாந்து செழித்திருந்த காலம். சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது. வயலைக் கிளறினால் சக்கிமுக்கிக்கல்தான் கிடைக்கும். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெளியிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். கொத்தர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சக்கிமுக்கியை உடைத்து, அதன் பளபளக்கும் கருமுகம் வெளியே தெரியும்படி, வெள்ளைக்கல் சட்டங்களுக்குள் பதித்தார்கள். கருப்பும் வெள்ளையுமாகச் சுவரிலேயே கோலம் விழுந்தது. மேலே, நடுமண்டபத்தின் இரு பக்கமும் மேல்வரிசைச் சன்னல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. சுவர் சுமக்கிறதா, கண்ணாடி சுமக்கிறதா என்று திகைக்க வைக்கும் 'பெர்ப்பெண்டிகுலர்' பாணி இது.

உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். கூரையின் நடு முகட்டில், முதுகோடு முதுகு சேர்த்து, இறக்கைகளை அகல விரித்து, இரண்டிரண்டாக மரத் தேவதூதர்கள். கூரை மரமெங்கும் பூ வேலைப்பாடும் இயேசுவின் பெயர்ச் சின்னமும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. மங்கிப்போன சிவப்பும் பச்சையும் இன்றும் தெரிகின்றன.

இருக்கைகளின் முனைகளிலும் செதுக்கு வேலை உண்டு. கட்டிலை விட்டு எழ மனமில்லாத சோம்பல், தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெருந்தீனி, பணப்பெட்டி மேல் உட்கார்ந்த பேராசை. இன்னொரு பக்கம் அறுவடை போன்ற பருவகால வேலைகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அவற்றில் தம் அண்டை வீட்டாரை அடையாளம் கண்டிருப்பார்கள்!

துன்பமும் இந்தக் கோவிலுக்குக் குறைவில்லை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு வழிபாட்டு நேரம். பெரும் புயலில் கோபுரத்தின் மேலிருந்த கூம்பு சரிந்து, கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். கருநாய் வடிவில் சாத்தான் வந்ததென்று கதை பிறந்தது. வடக்குக் கதவில் உள்ள கரிந்த தழும்புகளை அதன் நகக்கீறல் என்று காட்டுவார்கள். வருகிறவர்கள் நாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அந்தச் சிறுவனை நினைக்கிறேன்.

1644 ஏப்ரலில் வில்லியம் டவ்சிங் வந்தார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோவில்களிலிருந்து உருவங்களை அகற்ற நாடாளுமன்றத் தரப்பு நியமித்தவர் அவர்; வழிபாட்டில் உருவங்களும் அலங்காரமும் கூடாது என்ற பியூரிட்டன் பிரிவினர். தம் நாட்குறிப்பிலேயே பிளித்பரோவில் செய்ததை எழுதி வைத்தார்: இருபது கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்கவும், இருநூறுக்கு மேற்பட்ட உருவங்களை எட்டு நாளுக்குள் அகற்றவும் உத்தரவு. வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போயிற்று. நடுமண்டபத்துத் தேவதூதர்கள் பலர் தப்பினார்கள். அத்தனை உயரத்துக்குச் சாரம் கட்டும் செலவும் கூலியும் யார் தலையில் விழும் என்று ஊரார் யோசித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்தத் தேவதூதர்களின் உடலில் துளைகள் இருக்கின்றன. டவ்சிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1970களில் பழுதுபார்த்தபோது மரத்துக்குள் ஈய ரவைகள் கிடைத்தன. அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோவிலின் அக்காலக் கணக்கிலோ ஜாக்டா என்ற சிறு காக்கைகளைச் சுடக் கூலி கொடுத்த பதிவு இருக்கிறது. கூரையில் கூடு கட்டிய பறவைகளைக் குறிவைத்தவர்கள் தேவதூதர்களையும் துளைத்துவிட்டார்கள். செய்யாத குற்றத்தை டவ்சிங் மேல் சுமத்த வேண்டியதில்லை. செய்ததே ஏராளம்.

இதற்கெல்லாம் முன்பே, 16ஆம் நூற்றாண்டில் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், துறவியரின் மடம் கலைக்கப்பட்டது. ஆற்றில் வண்டல் சேர்ந்தது, கப்பல்கள் பெரிதாகின, வணிகம் அகன்றது. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வறுமை இந்தக் கோவிலுக்கு ஒரு நன்மையும் செய்தது என்றே நான் நம்புகிறேன். வசதியான ஊர்களில் விக்டோரியா காலத்துச் செல்வர்கள் பழங்கூரையைக் கழற்றிப் புதுக்கூரை போட்டார்கள். பழைய பூச்சைச் சுரண்டினார்கள். பிளித்பரோவிடம் அதற்குப் பணமில்லை.

ஆனால் கூரை ஒழுகியது. குடை பிடித்துக்கொண்டு வழிபட்டார்கள் என்று சொல்வார்கள். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று ஆயர் மூடிவிட்டார். எப்படிச் சீரமைப்பது என்பதில் பெரிய வாக்குவாதம். கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கிட்டது. பழுதைச் சரிசெய்யுங்கள், காலம் விட்டுச் சென்ற அடையாளத்தைத் துடைக்காதீர்கள் என்பது அவர்கள் கட்சி. 1884இல் கோவில் மறுபடி திறந்தது. கூரையின் பழைய வண்ணத்தின் மேல் புதுச் சாயம் ஏறாமல் நாம் இன்று பார்க்கிறோம் என்றால், அந்த வாதத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

1969 ஜூனில், அருகிலுள்ள ஸ்னேப் இசையரங்கம் தீக்கிரையானபோது, ஆல்ட்பரோ இசைவிழாவை நடத்திவந்த இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மோட்சார்ட்டின் இடோமெனியோ இசை நாடகத்தை இங்கே கொண்டுவந்தார். இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. இசைவிழாக் கச்சேரிகளும் நடக்கின்றன. போகிறவர்கள் தொலைநோக்கி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தேவதூதர்களின் முகங்களைத் தரையிலிருந்து வெறுங்கண்ணால் சரியாகப் பார்க்க முடியாது.

நன்றி. வணக்கம்.