ஒத்தை ஆளுக்குச் சொதி வைக்க முடியுமா?

என்ன மக்களே, எப்படி இருக்கிய? காத்துச் சத்தம் ரொம்ப வருதோ... இருங்க, மைக்க சட்டைக்குள்ள மாட்டிக்கிடுதேன். ஆங்.

மணி ஆறே கால். பாபநாசம் கோயிலுக்கு முன்னால படித்துறையில உக்காந்திருக்கேன். இன்னா பாருங்க, மீனு. பொரி விழுந்தாத்தான் மேல வரும், இல்லன்னா நம்மளத் திரும்பியே பாக்காது. அந்தப் பக்கம் கேமராவத் திருப்ப மாட்டேன், ஆத்துல விட்ட பழைய துணியாக் கெடக்கு. அதப் பேசுனா காலையிலயே கோவம் வரும், விடுங்க.

நேத்து அம்பாசமுத்திரத்துல டீக்கடையில ஒரு அண்ணாச்சி கேட்டாவ, "என்னடே, எங்க போனாலும் ஒத்தையிலயே திரியுத, வீட்டுல ஏதும் சடவா?" நம்ம ஊருல ஒருத்தன் தனியா இருந்தா ஒண்ணு வருத்தம், இல்லன்னா திமிரு.

அதுக்காக நான் பெரிய ஏகாந்தின்னு நெனைச்சிராதிய. இதே ஆத்தங்கரையில, கீழ ஆழ்வார்திருநகரியில, நம்மாழ்வார் 16 வருஷம் புளியமரத்தடியில பேசாம இருந்தாருன்னு சொல்லுவாவ. மதுரகவி வந்து கேள்வி கேட்ட பெறவுதான் வாயத் தொறந்தாராம். நான் 16 நிமிஷம் இருந்திருப்பேன். யாரும் ஒண்ணும் கேக்கல, நானே கேமராவ ஆன் பண்ணிட்டேன்.

சரி, இந்த எடத்துக் கதைக்கு வாரேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கைலாயத்துல சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். எல்லாரும் அங்க போய்க் கூடுனதுல வடக்கு தாந்து தெக்கு தூக்கிட்டு. சிவன் அகத்தியரக் கூப்புட்டு, நீரு தெக்க போவும்னுட்டாரு. ஊரே பந்தியில உக்காரப் போற நேரத்துல ஒருத்தர மட்டும் கெளம்பச் சொன்னா எப்படி இருக்கும்? அவரு பொதிகைக்கு வந்து நின்னாரு, பூமி சமமாச்சு. கல்யாணக் கோலத்த அவருக்கு இங்கனயே காட்டுனதா ஐதீகம். மேல அருவிப் பக்கம் கல்யாண தீர்த்தம்னே பேரு இருக்கு.

சின்னப் பிள்ளையில இதக் கேட்டா, ஒத்தை ஆளு அம்புட்டுப் பேருக்கும் ஈடான்னு வாயப் பொளப்பேன். இப்ப வேற ஒண்ணு தோணுது. "ஒமக்குச் சம்மதமா வே"ன்னு அவர யாரும் கேட்ட மாதிரி தெரியல. கல்யாணக் காட்சி கெடச்சுது, சரி. பந்திச் சாப்பாடு?

எங்க ஆச்சிய நெனைச்சுத்தான் சொல்லுதேன். மூத்த மாமா சென்னை, சின்ன மாமா பெங்களூரு, எங்கம்மா டவுண்ல. குடும்பமே ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. இந்தப் பக்கத்துல ஆச்சி மட்டும் அந்த வீட்ட அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்காவ. அவ்வோ சொதி, அதான் நம்ம தேங்காப்பால் கொழம்பு, வச்சு எத்தனையோ வருஷமாச்சு. நம்ம பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநா, மறுவீட்டுக்கு வைக்கிறதுல்லா அது? தேங்காயத் துருவி, முதப்பாலு, ரெண்டாம்பாலு, மூணாம்பாலுன்னு எடுத்து, ஒத்தை ஆளுக்கு எப்படி வைக்க? "நாக்கு கேக்குதுலே, கை கேக்க மாட்டேங்கு"ம்பாவ.

பாவம்னுதான நெனைக்கிய? நானும் அப்படித்தான் நெனைச்சு, போன மாசம் போயித் தங்குனேன். ரெண்டு நாளு நல்லாத்தான் போச்சு. மூணாம் நாளு, "எப்பலே கெளம்புத?"

"என்ன ஆச்சி, வெரட்டுதியளா?"

"இல்லலே. நீ இருந்தா வீடு சத்தமா இருக்கு. மத்தியானம் கண்ணு அசர மாட்டேங்கு."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கொஞ்சம் வலிச்சுது, அதுவும் உண்ம. ஒத்தையில கெடக்கேன்னு போன்ல பொலம்புத அதே ஆச்சிதான், மக்களே. ரெண்டுல எது பொய்யின்னு கேட்டா, ரெண்டுமே பொய்யில்லங்கேன்.

பொரி தீந்துட்டு, மீனும் போயிட்டு. நானும் கெளம்புதேன். போற வழியில ரெண்டு தேங்காயும் முருங்கைக்காயும் வாங்கணும். ரெண்டு பேருக்குன்னா சொதி வைப்பாவளான்னு கேட்டுப் பாக்கணும். சாயந்திரமே கெளம்பிருவேன்னு வாசல்லயே சொல்லிறணும், இல்லன்னா உள்ள விட மாட்டாவ.